ரோமாபுரியும் கல்யாணமும் மூன்று சொற்களும்

கிறிஸ் ஷெல்ட்ரிக் இங்கிலாந்தில் கச்சேரி ஏற்பாடு செய்து பிழைத்தவர். பாட்டுக்காரர்களைப் பிடிப்பதைவிட அவர்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. ரோமுக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இறங்கவேண்டிய சாமான்கள் ஒருமுறை வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இறங்கின. இன்னொரு நாள் கீபோர்டு வாசிப்பவர் கூப்பிட்டு, வேறு யாருடைய கல்யாணத்திலோ மைக் டெஸ்ட் செய்துவிட்டோம் போலிருக்கிறது என்றார்.

முகவரியை நம்பாமல் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்துப் பார்த்தார். 13.08268, 80.27072. சென்னையில் ஓர் இடம் இது. பஸ் ஹாரனுக்கு நடுவே நின்று போனில் சொல்லிப் பாருங்கள், தெரியும் பாடு.

கேம்பிரிட்ஜ்காரரான நண்பர் மோகன் கணேசலிங்கத்துக்குக் கணிதமும் தெரியும், மொழியியலும் தெரியும். எண்ணுக்குப் பதில் சொல் என்று கணக்குப் போட்டார்கள். பூமியை மூன்று மீட்டர் சதுரங்களாக வெட்டினால் சுமார் 57 லட்சம் கோடி கட்டங்கள். 40,000 ஆங்கிலச் சொற்களை மும்மூன்றாகக் கோத்தால் 64 லட்சம் கோடி கோவைகள். கட்டத்துக்கு ஒன்று கொடுத்தும் மிச்சம்! தொலைக்காட்சிப் புதிர்ப் போட்டிக்குக் கேள்விகள் தொகுத்த ஜாக் வாலி-கோஹனும் சேர, 2013-ல் ‘வாட்3வேர்ட்ஸ்’ பிறந்தது. கெட்ட வார்த்தைகளைக் களைந்தார்கள். ஜனம் நெருங்கிய இடங்களுக்குச் சின்னச் சொற்கள், நடுக்கடலுக்கு நீளச் சொற்கள்.

ஆபத்துக்கு உதவுவது பிறகு வந்த வேலை. 2019 ஆகஸ்டில், டர்ஹம் பகுதியின் ஹாம்ஸ்டர்லி காட்டில், நண்பர்கள் சிலர் இருட்டிலும் மழையிலும் வழி தவறினார்கள். சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அவசர எண் 999-ஐ அழைத்தார்கள். வாட்3வேர்ட்ஸ் செயலியை இறக்கச் சொன்னது போலீஸ். நின்ற கட்டத்துக்கு அது காட்டிய சொற்களை ‘கிக்டு, கன்வெர்ஜ்டு, சாக்கர்’ என்று படித்தார்கள். மீட்புக் குழு வந்து சேர்ந்தது.

ஆனால் வாயால் சொல்ல முடிவதுதான் இதன் பலம் என்றால், காதால் கேட்கவேண்டியிருப்பது இதன் பலவீனம். ஆங்கிலத்தில் கடைசி ‘ஸ்’ ஒன்று விழுந்தால் வேறு கட்டம். 2021-ல் இங்கிலாந்து, வேல்ஸ் மலை மீட்புக் குழுவினர், ஓராண்டில் தங்களுக்கு வந்த 45 தவறான இடங்களைப் பட்டியலிட்டார்கள். சில, வியட்நாமைக் காட்டின. உச்சரிப்பும் எழுத்துப்பிழையும் செய்த வேலை. தமிழிலும் இந்தச் செயலி உண்டு. வலி, வளி, வழி மூன்றையும் நம்மில் பலர் ஒரே மாதிரி சொல்வதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

இத்தனைக்கும் 2014-லேயே பிரிட்டனில் சத்தமில்லாமல் இன்னொன்று சோதனைக்கு வந்திருந்தது. அவசர எண்ணை அழைத்ததும் கைபேசி தானாகவே ஜிபிஎஸ்ஸை இயக்கி, இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும். செயலி வேண்டாம், சொல்லும் வேண்டாம். அனுப்பியது அழைத்தவருக்கே தெரியாது.