களிமண் பொம்மைகள் போட்ட குஸ்தி: க்ளேஃபைட்டர் கதை

ஒரு சின்ன கணக்கு. ஒரு வீடியோ கேம் 1997-ல் வந்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் "காசு தண்டம்" என்கிற ரீதியில் எழுதினார்கள். அடுத்த வருஷமே அதே கேமைக் கொஞ்சம் ஒட்டுப்போட்டு மறுபடி விட்டார்கள். அந்த இரண்டாவது பதிப்பின் கார்ட்ரிட்ஜ் இன்று சேகரிப்பாளர்களிடம் பல நூறு டாலருக்குக் கைமாறுகிறது. மொக்கை என்று ஒதுக்கப்பட்ட சரக்குக்கு எப்படி இந்த விலை? பி.காம் படிக்கிறவன் கண்ணில் இது பட்டால் சும்மா விட முடியுமா? :-)

கேமின் பெயர் க்ளேஃபைட்டர். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதனால் கொஞ்சம் முன்கதை.

1991-ல் காப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்ததும் அமெரிக்கா, ஜப்பான் இரண்டு இடத்திலும் சண்டை கேம் ஜுரம் பிடித்தது. 1992-ல் 'மார்ட்டல் காம்பாட்' வந்தது. நிஜ மனிதர்களைப் படமெடுத்து திரையில் மோதவிட்டு, கடைசியில் தலையைப் பிய்த்தெறிகிற விளையாட்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கு வயிற்றெரிச்சல். விஷயம் முற்றி 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது. அதன் விளைவாக 1994-ல் கேம்களுக்கு வயது முத்திரை குத்த ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு உருவானது.

இந்தச் சூடு நடுவில், 1993-ல் வந்ததுதான் க்ளேஃபைட்டர். இன்டர்ப்ளே வெளியிட்டது, விஷுவல் கான்செப்ட்ஸ் உருவாக்கியது. (இதே விஷுவல் கான்செப்ட்ஸ்தான் பிறகு கூடைப்பந்து கேமான 'என்.பி.ஏ. 2கே' தொடரால் பெரிய ஆளானது!) கதை என்று ஒன்று உண்டு: களிமண்ணாலான விண்கல் ஒன்று சர்க்கஸ் கூடாரத்தின் மேல் விழுகிறது. அங்கிருந்தவர்கள் எல்லாம் களிமண் பிராணிகளாக மாறி அடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ரத்தம் கிடையாது. ஆட்கள் யார் தெரியுமா? கெட்ட புத்தி பிடித்த பனிமனிதன் பேட் மிஸ்டர் ஃப்ராஸ்டி, எல்விஸ் பிரெஸ்லியைக் கிண்டல் செய்யும் ப்ளூ ஸ்வேட் கூ, ஜவ்வு மிட்டாய் டாஃபி, உருவமே இல்லாத பச்சைக் கூழ் ப்ளாப், பூசணித்தலைப் பேய் இக்கிபாட் க்ளே, கோமாளி பாங்கர், ஓபரா பாடகி ஹெல்கா...

விமர்சகர்களை முதலில் அசத்தியது அதன் தோற்றம். நிஜமாகவே பொம்மை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் படம் பிடித்து கணினியில் ஏற்றினார்கள். திரையில் பார்த்தால் களிமண்ணின் வழவழப்பு அப்படியே தெரியும். ப்ளாப் திடீரென்று வட்ட ரம்பமாக மாறி எதிராளியை அறுக்க வரும். இந்த மாதிரி விஷயம் வேறெந்த சண்டை கேமிலும் இல்லை.

ஆனால் பாராட்டுக்குப் பின்னாலேயே ஒரு "ஆனால்" வந்தது. சண்டை மெதுவாக இருக்கிறது, பட்டனைத் தட்டியதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கிறது என்றார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பழகிய கைக்கு இது ஒத்துவரவில்லை. சிரித்து முடித்த பிறகு விளையாட என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தத் தொடரின் விமர்சன வரலாறு முழுக்க இந்த ஒரே கேள்விதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

1995-ல் 'க்ளேஃபைட்டர் 2: ஜட்ஜ்மென்ட் க்ளே' வந்தது. பழைய ஆட்களில் ஃப்ராஸ்டி, டைனி, ப்ளாப் மூவர் மட்டும் தொடர்ந்தார்கள். எல்விஸைக் காணோம், பூசணிப் பேயைக் காணோம். முதல் கேமின் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கவுண்டமணி-செந்தில் படம் என்று போனால் உள்ளே கவுண்டமணி மட்டும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

அடுத்ததுதான் முக்கியமானது. 1997-ல் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு 'க்ளேஃபைட்டர் 63⅓' வந்தது. அந்தக் கன்சோலுக்கு வந்த பல கேம்கள் பெயருக்குப் பின்னால் '64' என்று ஒட்டிக்கொண்டு வந்ததற்கான நக்கல் அது. 'எர்த்வார்ம் ஜிம்', 'பூகர்மேன்' என்ற இன்டர்ப்ளேயின் மற்ற நாயகர்களும் விருந்தாளிகளாக வந்தார்கள். குத்துச்சண்டை அறிவிப்பாளர் மைக்கேல் பஃபரையே கூப்பிட்டு, அவருடைய புகழ்பெற்ற முழக்கத்தை அவர் வாயாலேயே கிண்டல் செய்ய வைத்தார்கள். பந்தா எல்லாம் பலம்தான்.

ஆனால் காலம் மாறியிருந்தது. 1997-ல் எல்லோர் பேச்சும் 'டெக்கன் 3' பற்றி. முப்பரிமாண ஆட்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இங்கே முப்பரிமாண மேடையில் தட்டைப் படங்களாகக் களிமண் பொம்மைகள். நான்கு வருஷம் முன்பு புதுமையாகத் தெரிந்தது இப்போது பழசாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு நகைச்சுவையும் பலருக்கு எரிச்சலூட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைப் பூசி மெழுகக் கூடாது. இந்த கேமில் குங் பாவ் என்று ஒரு சீன சமையல்காரன், ஹூங்கன் என்று ஒரு மாந்திரீகன். இரண்டுமே இனத்தைக் கேலி செய்யும் பழைய அச்சில் வார்த்தவை. "எல்லோரையும்தானே கிண்டல் செய்கிறார்கள்" என்று சமாதானம் சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அது செல்லுபடியாகவில்லை. பனிமனிதனைக் கிண்டல் செய்தால் எந்தப் பனிமனிதனும் பள்ளிக்கூடத்தில் அவமானப்படப் போவதில்லை. சமையல்காரன் கதை அப்படியில்லை. பழைய கேமைப் பிடிக்கும் என்பதற்காக அதில் உள்ள எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம்.

1998-ல் 'ஸ்கல்ப்டர்ஸ் கட்' என்ற திருத்திய பதிப்பை விட்டார்கள். முதலில் வெட்டப்பட்ட நான்கு பாத்திரங்கள் இதில் திரும்ப வந்தார்கள். ஆனால் கடையில் விற்பனைக்கு இல்லை! ப்ளாக்பஸ்டர் என்ற வீடியோ கடைச் சங்கிலியில் வாடகைக்கு மட்டும். முதல் கேமின் 'டோர்னமென்ட் எடிஷன்' பதிப்பையும் 1994-ல் முதலில் ப்ளாக்பஸ்டர் வாடகைக்குத்தான் விட்டிருந்தார்கள். அப்போது அமெரிக்காவில் கேம் வாடகை பெரிய வியாபாரம். நின்டெண்டோவுக்கு அது துளியும் பிடிக்காது. 1989-ல், கேமோடு வரும் கையேட்டை நகலெடுத்தார்கள் என்று ப்ளாக்பஸ்டர் மேல் வழக்கே போட்டது. 1990-ல் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்த அமெரிக்கச் சட்டம், கன்சோல் கேம்களை மட்டும் விட்டுவிட்டது. அந்தச் சந்து வழியாகத்தான் இந்த வியாபாரம் ஓடியது.

இப்போது யோசியுங்கள். விற்பனைக்கே வராத சரக்கு. வாடகைக் கடைகளுக்குப் போன பிரதிகள் மட்டும்தான் உலகத்தில் உண்டு. அதிலும் கை மாறி மாறித் தேய்ந்து, தொலைந்து, மிஞ்சியது கொஞ்சம். ப்ளாக்பஸ்டரும் 2010-ல் திவாலானது. வரத்து அறவே நின்றுவிட்டது, முழுத் தொடரும் வைத்திருக்க வேண்டும் என்கிற சேகரிப்பாளர்களின் தேவை மட்டும் ஏறுகிறது. விலை எங்கே போகும்? முதல் வருஷப் பாடத்திலேயே வரைபடம் இருக்கிறது மக்களே!

ஆடம் ஸ்மித் 1776-ல் கேட்டதும் இதுதானே. உயிர் காக்கும் தண்ணீர் மலிவு, ஒன்றுக்கும் உதவாத வைரம் ஏன் விலை அதிகம்? ஸ்கல்ப்டர்ஸ் கட் ஒரு களிமண் வைரம். அதன் விலை அதன் தரத்தைச் சொல்லவில்லை, அபூர்வத்தைச் சொல்கிறது. "இவ்வளவு விலை போகிறதே, அப்போ விமர்சகர்கள் தப்பு" என்று வாதம் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

அதற்காக விமர்சகர்கள் சொன்னதுதான் கடைசி வார்த்தை என்றும் நான் நினைக்கவில்லை. அவர்கள் பதில் சொன்னது "புது கார்ட்ரிட்ஜுக்கு முழு விலை கொடுக்கலாமா?" என்ற கேள்விக்கு. அதற்கு "வேண்டாம்" என்பது நியாயமான பதில். ஆனால் பல பிள்ளைகள் இதைச் சந்தித்தது வாடகையில். சில டாலர், ஒரு வாரக்கடைசி, பக்கத்தில் ஒரு நண்பன். இருவருக்கும் ஆடத் தெரியாது, இருவரும் சிரிக்கிறார்கள். ஆழம் இல்லாத கேம் என்பது அங்கே குறையே இல்லை. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரே பொருள், இரண்டு விலை, இரண்டு தீர்ப்பு. ரசிகனும் விமர்சகனும் சண்டை போட்டுக்கொள்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் இருவர் கையிலும் இருந்தது வேறு வேறு ரசீது.

அதன் பிறகு நடந்தது கொஞ்சம் சோகம். 2009-ல் முதல் கேம் நின்டெண்டோ வீ கன்சோலின் இணையக் கடையில் கிடைத்தது. அந்தக் கடை 2019-ல் மூடப்பட்டது. 'கால் ஆஃப் புட்டி' என்று ஒரு புது பாகம் அறிவித்தார்கள், வரவில்லை. 2015-ல் மெருகேற்றிய பதிப்பு வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. 2016-ல் இன்டர்ப்ளே தன் கேம்களின் உரிமைகளை விற்கப் போவதாகச் சொன்னது. இதே நிறுவனம் 1997-ல் வெளியிட்ட 'ஃபால்அவுட்' தொடரின் உரிமை 2007-ல் 57.5 லட்சம் டாலருக்கு பெதஸ்டாவிடம் போய், இன்று தொலைக்காட்சித் தொடர் வரை வளர்ந்திருக்கிறது. ஃப்ராஸ்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இது ஃப்ராஸ்டி கதை மட்டும் அல்ல. 2023-ல் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது சந்தையில் கிடைப்பதில்லை என்றது அது. நல்ல கேம்களை யாராவது மறுபடி விற்பார்கள், லாபம் இருக்கிறது. சுமாரான, கிறுக்குத்தனமான, பாதி வெற்றி பாதி தோல்வியான கேம்களை யார் காப்பாற்றுவார்கள்? விமர்சகருக்கு வேண்டாம், நிறுவனத்துக்கு லாபமில்லை. ரசிகனும் சேகரிப்பாளனும்தான் மிச்சம். சேகரிப்பாளன் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பான், ரசிகன் எடுத்து விளையாடுவான். ஒரு காலத்தில் பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள், எதைக் கண்டு முகம் சுளிக்காமல் விட்டார்கள் என்று பின்னால் வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ரசிகன் ஜெயிக்க வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எல்லோரும் மொக்கை என்று சொல்லி, உங்களுக்கு மட்டும் பிடித்த கேமோ படமோ இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டோம். (கொஞ்சம் சிரிப்போம்! :-) )