பலகையில் பிறந்த எழுத்து: தமிழ் அலங்கார எழுத்துருக்களின் வரலாறு

புத்தகம் வாசிப்பவர் எழுத்தைக் கவனிப்பதில்லை. அதன் வழியே பொருளுக்குள் புகுந்துவிடுகிறார். கடைவீதியில் நடப்பவரோ எழுத்தின் வடிவத்தால் முதலில் ஈர்க்கப்பட்டு, கால் தயங்கி நின்று, அதன் பின்னரே அது சொல்லும் செய்திக்கு வந்து சேர்கிறார். இவ்வாறு நிறுத்தி வாசிக்க வைப்பதற்கென்றே அமைந்தவற்றை அலங்கார எழுத்துக்கள் என்கிறோம். மேனாடுகளில் இவை பெரும்பாலும் அச்செழுத்து வார்ப்படச்சாலைகளில் உருவாகி வீதிக்குப் பரவின. தமிழகத்திலோ அவை தூரிகை பிடித்தவர் கையில் பிறந்து, அச்சின் நானூறாண்டுச் சரித்திரத்தில் மிகப் பிந்திய காலத்திலேதான் எழுத்துருக்களாக உறைந்தன என்பது என் துணிபு. இத்தாமதத்தின் காரணத்தையும், அதனால் விளைந்த நன்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தை அலங்கரிக்கும் ஆசை நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் சுற்றுச் சிற்றாலயங்களில் நான்கு விதமான எழுத்துக்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே பெயர்வரிசையைத் திரும்பத் திரும்ப எழுதியதும், அவற்றுள் சிலவற்றைக் கொடிபோல் நீட்டிச் சுழித்து எழுதியதும், படிப்பவருக்குச் செய்தி சொல்வதற்காக மாத்திரம் இருக்க முடியாது. அரசனுடைய பிரதாபத்தை எழுத்தின் தோற்றமே பேச வேண்டுமென்பது சிற்பியின் கருத்தாயிருந்திருக்க வேண்டும். அவை கிரந்தமும் நாகரியுமேயன்றித் தமிழெழுத்து அல்ல என்பது உண்மையே. ஆயினும் அவற்றைச் செதுக்கிய உளி இந்நாட்டு உளி.

அச்சு வந்தபோது இந்த ஆசைக்கு இடமில்லாமற் போயிற்று. 1577-இல் கோவாவிலும் மறு ஆண்டு கொல்லத்திலும் வார்க்கப்பட்ட எழுத்துக்களைக் கொண்டு, 1578-இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்களில் வெளிவந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துக்கள் அளவில் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கியமையால், சீகன்பால்கு முதலிய பாதிரிமார் அவற்றினும் சிறியவற்றை அங்கேயே வார்ப்பிக்க நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் துரை சிறிய, தெளிவான எழுத்துக்களை அமைத்துப் புகழ்பெற்றார். 1862-இல் அங்கே அச்சான வின்ஸ்லோ அகராதியைப் புரட்டுவோர் அந்த நுட்பத்தை இன்றும் கண்டு வியக்கலாம். சிறுமையும் தெளிவுமே முந்நூறாண்டுக் காலம் தமிழ் வார்ப்படக்காரரின் இலட்சியங்களாயிருந்தன.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது வேறு. 1815-ஐ ஒட்டி லண்டனில் வின்ஸென்ட் பிகின்ஸ் கோடுகளின் முனையில் தடித்த பாதங்களையுடைய எழுத்துக்களை வெளியிட்டார். 1816-இல் காஸ்லான் வார்ப்படச்சாலை பாதமே இல்லாத எழுத்தைத் தன் மாதிரிப் புத்தகத்தில் சேர்த்தது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் பெரிய சுவரொட்டிகளுக்கான மர எழுத்துக்களை இயந்திரத்தால் குடையத் தொடங்கினார். பிற்பாடு, 1904-இல், சித்திரக்காரர் ஆர்னால்ட் போக்லின் பெயரைத் தாங்கி ஜெர்மனியில் வெளியான எழுத்துருவில் தாவரத் தண்டுகளின் நெளிவையே காண்கிறோம். நாடகமும் சர்க்கஸும் மருந்து விளம்பரமும் புதுப்புது வடிவங்களைக் கேட்டன, வார்ப்படச்சாலைகள் கொடுத்தன.

தமிழில் ஏன் இது நிகழவில்லை? நம்மவருக்குக் கற்பனை போதவில்லை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அபவாதம் என்பது விளங்கும். ஆங்கில விளம்பர எழுத்துக்குப் பெரிய எழுத்துக்கள் 26-ம் சில எண்களும் இருந்தால் தொழில் நடக்கும். தமிழிலோ உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர வரிசை 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72, இவற்றோடு கால், கொம்பு, சுழிக்கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கு என்று 125 உருக்கள் வேண்டும். கிரந்த எழுத்துக்களும் பழைய கூட்டெழுத்துக்களும் இதற்கு மேல். ஒவ்வோர் உருவுக்கும் அச்சு வெட்டி, ஒவ்வோர் அளவிலும் ஈயம் உருக்கி வார்த்து, ஒரு பண்டிகை விளம்பரத்துக்காக அதை எந்த முதலாளி எழுத்துப் பெட்டியில் நிரப்பி வைப்பார்?

இந்த முட்டுக்கட்டையை நீக்கியது புதிய எழுத்து அன்று. ‘பிளாக்’ என்னும் உபாயம். ஓவியர் அட்டையில் மையால் எழுதிய தலைப்பைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் திராவகத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்துவிட்டால், அதை ஈய எழுத்துக்களோடு சேர்த்துப் பூட்டி அச்சடிக்கலாம். 125 உருக்களை வெட்ட வேண்டிய இடத்தில், அன்றைய தலைப்புக்கு வேண்டிய ஏழெட்டு எழுத்துக்களை மட்டும் வரைந்தால் போதும். ஆனந்த விகடன், 1932-இல் தோன்றிய கலைமகள், 1941-இல் தோன்றிய கல்கி ஆகிய பத்திரிகைகளின் காலம் இந்த உபாயத்தின் பொற்காலம். சரித்திரக் கதைக்குக் கல்வெட்டின் சாயலையும், காதல் கதைக்குக் கொடியின் நெளிவையும், பேய்க்கதைக்கு உருகி வழியும் விளிம்பையும் தலைப்பெழுத்துக்குக் கொடுக்கும் சம்பிரதாயம் வேரூன்றியது. தீப்பெட்டிச் சீட்டுக்களில் கைபழகிய சிவகாசியின் கல்லச்சுக்கூடங்களுக்கும், 1948-இல் ‘சந்திரலேகா’ வந்தபோது விளம்பரத்தைத் தனிக்கலையாகவே உயர்த்திக்கொண்டிருந்த சினிமாவுக்கும் ஈய எழுத்தின் கட்டு அறவே இல்லை; அங்கே சித்திரமும் எழுத்தும் ஒரே கையால் எழுதப்பட்டன.

பத்திரிகை எழுத்துக்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. வீதியெழுத்துக்கள் அப்படியல்ல, அவற்றைத் தேடிப் போக வேண்டும். நீலகிரியின் மேற்குப் பகுதியில் குந்தா வட்டத்தின் தலைமையிடமாகிய மஞ்சூரின் கடைவீதி அத்தகைய ஆய்வுக்கு உகந்தது. உதகையிலிருந்து வரும் சாலையும், காரமடையிலிருந்து கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் சாலையும் இங்கே சேருகின்றன. ஹட்டிகள் என்னும் தங்கள் ஊர்களிலிருந்து இறங்கிவரும் படகர்களும், 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களும், மலையாளத்தாரும் கூடும் இடத்தில், பலகையெழுத்து வாசிக்கத் தெரிந்தவரோடு மாத்திரம் பேசினால் போதாது. அரைகுறையாக எழுத்துக் கூட்டுபவருக்கும் கடையின் தன்மையை அது காட்ட வேண்டும்.

ஆகவே இங்கே எழுத்துக்குள் பொருள் வந்து அமர்ந்தது. பலகை எழுதுபவர் சுண்ணாம்பு தோய்த்த நூலைச் சுண்டி இரண்டு கோடுகள் இடுவார். தட்டைத் தூரிகையை எனாமலில் தோய்த்து, மணிக்கட்டு ஆடாதபடி ஒரு கோலின்மேல் கையை ஊன்றி, முதலில் உடலை நிரப்பிப் பின்னர் அவுட்லைன் போட்டு, கடைசியாக வலப்புறம் ‘ஷேடு’ அடிப்பார். ‘டீ’ என்பதன் மேற்சுழி ஆவியாக எழும்; கம்பளிக் கடையின் எழுத்துக்களுக்கு விளிம்பில் நூல் பிரியும். இந்த வேலையில் ‘தேயிலை’ என்ற சொல் தனிப்பாக்கியம் பெற்றிருந்தது. அதன் இறுதி எழுத்தாகிய லை பழைய வடிவில் யானைத் துதிக்கைபோல் தலைக்கு மேல் வளைந்து நின்றமையால், அந்த வளைவின் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தாமாகவே வந்து உட்கார இடமிருந்தது. எந்த வார்ப்படச்சாலையும் இதை எண்ணியிராது; தோட்டத்தைத் தினம் பார்க்கும் கைக்கே இது தோன்றும்.

இதே மலையில் இன்னொரு மரபும் உண்டு. பிளைவுட் பெட்டிகளில் தேயிலை ஏலத்துக்குப் போன காலத்தில், தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. முதலிய தரக்குறி, எடை ஆகியவற்றைத் தகரத்தில் வெட்டிய அச்சுக்களின் மேல் மை தடவிப் பதித்தனர். இத்தகைய சரக்குப் பெட்டி எழுத்துக்களின் பாங்கிலேதான் 1937-இல் அமெரிக்காவின் இரண்டு நிறுவனங்கள் ‘ஸ்டென்சில்’ என்ற ஒரே பெயரில், ஒரு மாத இடைவெளியில், இரண்டு எழுத்துருக்களை வெளியிட்டன. பெட்டிகளில் ரோமன் எழுத்தே பெரும்பான்மை. தமிழைத் தகரத்தில் வெட்டுவது கடினமென்பதை மஞ்சூர் என்ற பெயரைக் கொண்டே அறியலாம்: ம, ஞ், சூ மூன்றிலும் மூடிய வயிறு உண்டு, உள்ளே இருக்கும் தகரத்துண்டு விழுந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு பாலம் விட்டாக வேண்டும். ர் ஒன்றே பாலமின்றி வெட்டுப்படும். பாலத்தை எங்கே விட்டால் எழுத்து சிதையாது என்று கண்டுபிடிப்பது உயர்ந்த வடிவமைப்பு ஞானமேயாகும்.

1978-இல் தமிழக அரசு, பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் பழைய வடிவங்களை நீக்கிற்று. தட்டச்சுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய சௌகரியம். அதை நான் மனமார வரவேற்பவன். அலங்கார எழுத்துக்கு மாத்திரம் அதனால் ஒரு நஷ்டம் ஏற்பட்டது. எழுத்தோடு பிணைந்து உயர்ந்த சுழிகள் போய், தனித்து நிற்கும் ஒரே குறி எல்லா இடத்திலும் அமர்ந்தபடியால், எழுதுபவர் விளையாடக்கூடிய இடம் குறுகிற்று.

கணினி வந்த பிறகு 125 உருக்களின் செலவு என்ற பழைய தடை இல்லையாயிற்று. ஆயினும் முதல் விளைவு நன்மையாயில்லை. டி.டி.பி. நிலையங்களின் ஒரு சில எழுத்துருக்களை இழுத்தும் சாய்த்தும் ஃபிளெக்ஸ் பதாகைகளில் நிரப்பியதால், மஞ்சூர்க் கடையும் மதுரைக் கடையும் ஒரே முகம் காட்டத் தொடங்கின. உண்மையான மறுமலர்ச்சி அண்மைக்காலத்தது. மும்பையின் ஏக் டைப் குழு வெளியிட்ட ‘பாலூ தம்பி’ கரடியின் கொழுத்த உடலையும் கூரிய பாதத்தையும் எழுத்தாக்கியது. தேயிலைக் காட்டில் கரடி நடமாடும் குந்தாவின் மக்களுக்கு அதன் நடை உடனே விளங்கும். இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’ சாய்ந்த கையெழுத்தின் ஓட்டத்தைப் பிடித்தது. ‘அரிமா மதுரை’யை அமைத்தவர்களுள் போர்ச்சுகல் நாட்டு நத்தானியேல் காமாவும் ஒருவர். இவை இலவசமாகக் கிடைப்பதால் சிறிய கடைக்காரரும் பயன்படுத்தலாம்.

இவற்றில் நான் குறைவாகக் காண்பது வட்டாரத்தின் கைரேகை. அதை மீட்பதற்கு இன்றைய தொழில்நுட்பம் தடையன்று. யூனிகோடு முறையில் சேமிக்கப்படுவது ல என்ற எழுத்தும் ஐகாரக் குறியுமே. அவை இரண்டும் சேர்ந்து எவ்வடிவில் தோன்றுவதென்பது எழுத்துருவை வரைபவரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பாடப்புத்தகத்துக்குரிய எழுத்துருவில் சீர்திருத்த வடிவமே நிற்க, தேயிலைப் பொட்டலத்துக்கோ கடைப்பலகைக்கோ வரையப்படும் அலங்கார எழுத்துருவில், சேமித்த உரையில் ஓர் எழுத்தும் மாறாமலே, பழைய லையின் வளைவையும் அதன் நுனியில் தளிரையும் அமைத்துவிடலாம். அதற்கு மூலமாகக் கூடிய 1978-க்கு முந்திய பலகைகள், குந்தாவின் மழையில் எனாமல் உரிந்துகொண்டிருப்பதால், இப்பொழுதே அளவெடுத்துப் புகைப்படமெடுக்கப்பட வேண்டியவை.