போதை மரணங்களுக்கும் கணக்கு வேண்டும்

யாழ். குடாநாட்டில் ஹெரோயின் பாவனையால் இளைஞர்கள் மடிந்த செய்திகள் 2022ஆம் ஆண்டில் அடுத்தடுத்து வெளிவந்தன. எனினும், இவ்விழப்பை அளவிடும் முறையான ஏற்பாடு பற்றி நாம் போதிய கவனம் செலுத்தவில்லை.

அபின் வகைப் போதைப்பொருள் அளவு மிஞ்சினால் சுவாசம் அடங்கி மரணம் சம்பவிக்கும். அசுத்தமான ஊசியோ இதய வால்வில் கிருமித்தொற்றை உண்டாக்கி நாட்கள் கழித்தே உயிரைப் பறிக்கும். அவ்வேளை 'இதய நோய்' என்று மட்டும் பதியப்பட்டால் உண்மைக் காரணம் மறைந்துவிடும். குடும்ப மானத்துக்கு அஞ்சும் உறவினரின் மௌனமும் இதற்குத் துணைபோகிறது.

நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. 2007இல் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் தனிச்சட்டம் வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஐஸ்' போதைப்பொருளுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. கைப்பற்றப்படும் கிராமுக்கு ஏற்பத் தண்டனை விதிக்கும் சட்டம், பறிபோகும் உயிருக்கும் கணக்கு வைக்க வேண்டாமா?

அமெரிக்காவில் 2017இல் ஆரம்பமான வரைபட முறையொன்று, அளவு மிஞ்சிய பாவனைச் சம்பவங்களின் இடத்தையும் நேரத்தையும் உடனுக்குடன் பதிகிறது. சில மாநிலங்கள் அதனைச் சட்டத்தாற் கட்டாயமாக்கின. ஓரிடத்தில் சம்பவங்கள் பெருகினால் மாற்று மருந்தான நலொக்சோனும் எச்சரிக்கையும் அங்கு விரைகின்றன.

இங்கும் வைத்தியசாலைகள், சட்ட வைத்திய அதிகாரிகள், திடீர் மரண விசாரணை அதிகாரிகள் ஆகியோர் இத்தகவலைக் குறித்த காலத்துள் அறிவிக்கச் சட்டம் பணிக்க வேண்டும். பெயர் மறைக்கப்படல் வேண்டும். அத்தகவல் வழக்குத் தொடரவும் பயன்படலாகாது. அன்றேல், கைதுக்கு அஞ்சி நண்பனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் தயங்குவர்.

ஆலயமும் பள்ளிவாசலும் தேவாலயமும் இவ்வச்சத்தையும் வெட்கத்தையும் களைய முன்வர வேண்டும். மறைக்கப்படும் மரணம் அடுத்த மரணத்துக்கே வழிவிடும்.