கிங்டம் டிரெய்ல்ஸ்

கிங்டம் டிரெய்ல்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஈஸ்ட் பர்க் என்னும் சிற்றூரைச் சுற்றி அமைந்துள்ள மலை மிதிவண்டித் தடங்களின் வலையமைப்பு ஆகும். இதனை அதே பெயர் கொண்ட இலாப நோக்கற்ற சங்கம் பராமரித்து வருகிறது. இச்சங்கம் 1994-இல் தொடங்கப்பட்டது. காடு, மேய்ச்சல் நிலம், குன்றுச்சரிவு ஆகியவற்றின் ஊடே செல்லும் இத்தடங்களின் மொத்த நீளம் 160 கிலோமீட்டருக்கும் அதிகம். இவற்றின் பெரும்பகுதி தனியார் நிலங்களில் அமைந்துள்ளது. 2019 திசம்பரில் மூன்று நில உரிமையாளர்கள் தம் நிலங்களில் மலை மிதிவண்டி ஓட்டுவதற்குத் தந்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றனர்.

பெயர்

வெர்மான்ட்டின் வடகிழக்கில் உள்ள மூன்று கவுன்ட்டிகள் 'வடகிழக்கு முடியரசு' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றன. 1949-இல் ஜார்ஜ் எய்க்கன் என்னும் அரசியல்வாதி இப்பெயரை வழங்கினார். அங்கு முடிசூடிய மன்னர் எவரும் இருந்ததில்லை. இயற்கை அழகைப் புகழ்வதற்காகவே இவ்வாறு அழைத்தார்.

நிலமும் இசைவும்

இத்தடங்களின் மேல் மிதிவண்டி ஓட்டுநருக்குச் சட்டப்படியான உரிமை ஏதும் இல்லை. ஏறத்தாழ நூறு நில உரிமையாளர்கள் தத்தம் நிலத்தின் வழியே தடம் செல்ல இசைவு அளித்துள்ளனர். ஓட்டுநர்கள் நுழைவுச் சீட்டுக்கோ உறுப்புரிமைக்கோ செலுத்தும் கட்டணம் தடங்களைப் பராமரிக்கும் சங்கத்துக்கே செல்கிறது. கட்டணம் பெறாமல் பிறரைப் பொழுதுபோக்குக்காக நிலத்தில் அனுமதிக்கும் உரிமையாளர் மீது, விபத்து நேர்ந்தால் எளிதில் வழக்குத் தொடர இயலாதவாறு வெர்மான்ட் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. இந்தப் பாதுகாப்பு இல்லாவிடில் இவ்வளவு பேர் இசைந்திருப்பர் என்று எண்ணுவது கடினம்.

வேலியிடப்படாத நிலத்தில் வேட்டையாடும் உரிமையை வெர்மான்ட்டின் அரசியலமைப்பு 1777 முதலே வழங்கி வருகிறது. மிதிவண்டிக்கு அத்தகைய உரிமை கிடையாது. மாறாக, ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் வரை, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையைத் தந்துள்ளது. அங்கு ஓர் உரிமையாளர் மனம் மாறினாலும் அவ்வுரிமை இல்லாமற் போவதில்லை.

நிகழ்வுகளும் கூட்டமும்

பர்க் ஊராட்சியின் மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 1,650 மட்டுமே. ஆனால் தடங்களுக்கு ஆண்டுதோறும் வந்தோரின் வருகைகள் 2010களின் இறுதியில் ஒரு இலட்சத்தைத் தாண்டின. நியூ இங்கிலாந்து மலை மிதிவண்டிச் சங்கம் சூன் மாதங்களில் இங்கு நடத்திய 'நெம்பாஃபெஸ்ட்' என்னும் விழாவுக்கு ஒரே வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கடைகளும் விடுதிகளும் வளர்ந்தன. கூடவே ஊர்ச் சாலைகளில் நெரிசலும், வண்டி நிறுத்த இடமின்மையும், குதிரை ஓட்டுவோருடன் உரசலும் வளர்ந்தன. குதிரை இயல்பிலேயே வேட்டையாடப்படும் விலங்கு. பின்னாலிருந்து ஓசையின்றி விரைந்து வரும் மிதிவண்டி அதனை மிரளச் செய்யும். ஆதலால் குதிரையைக் கண்டால் ஓட்டுநர் நின்று, குரல் கொடுத்து, அது கடந்து செல்லும் வரை காத்திருப்பதே முறை.

2019 தடை

தடை செய்யப்பட்ட நிலங்கள் டார்லிங் ஹில் என்னும் நீண்ட குன்றின் மேல் உள்ளன. நியூயார்க்கில் விடுதி நடத்திப் பொருள் ஈட்டிய எல்மர் டார்லிங் என்பவரின் பெயர் இக்குன்றுக்கு வழங்குகிறது. நூறில் மூன்று என்பது சிறிய பங்கே. எனினும் வலையமைப்பில் பரப்பைவிட இருப்பிடமே முக்கியம். ஓரத்திலுள்ள ஒரு கிளைத்தடம் மூடப்பட்டால் அக்கிளை மட்டுமே இழப்பு. நடுவிலுள்ள இணைப்பு மூடப்பட்டால் இருபுறமும் உள்ள தடங்கள் ஒன்றையொன்று அடைய வழியின்றித் துண்டாகின்றன. டார்லிங் ஹில் அத்தகைய நடுப்பகுதி.

2020-இல் நெம்பாஃபெஸ்ட் இங்கு நடைபெறவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் கனடா எல்லையும் மூடப்பட்டு, கியூபெக்கிலிருந்து தரைவழியாக வந்துகொண்டிருந்த ஓட்டுநர்களின் வரவு 2021 நவம்பர் வரை தடைப்பட்டது. எத்தனை பேரை இந்நிலமும் இவ்வூரும் தாங்கும் என்பதைக் கணக்கிடும் ஆய்வைச் சங்கம் மேற்கொண்டது.

பர்க் மலை விடுதி

தடங்களை அடுத்துள்ள பர்க் மலையில் பனிச்சறுக்கு மையம் ஒன்று உள்ளது. கோடையில் அங்கும் மிதிவண்டிகள் இறங்குகின்றன. ஏரியல் கீரோசு என்பவர் 2012-இல் இதனை வாங்கினார். அமெரிக்காவில் முதலீடு செய்யும் வெளிநாட்டவருக்கு நிரந்தரக் குடியுரிமைக்கு வழி செய்யும் இ.பி.-5 திட்டத்தின் வழியே பணம் திரட்டி 116 அறைகள் கொண்ட விடுதி கட்டப்பட்டது. ஊரகப் பகுதிகளில் அப்போது ஒருவர் இட வேண்டிய முதலீடு 5 இலட்சம் டாலர். 2016 ஏப்ரலில், அருகிலுள்ள ஜே பீக் மையத்தையும் சேர்த்து, 20 கோடி டாலர் அளவுக்கு முதலீட்டாளர் பணம் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதாக அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் குற்றஞ்சாட்டியது. விடுதி நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கீழ் அதே ஆண்டு திறக்கப்பட்டது. கீரோசுக்கு 2022-இல் ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பர்க் மலை மையம் 2025-இல் புதிய முதலீட்டுக் குழு ஒன்றுக்கு விற்கப்பட்டது.

பருவம்

இத்தடங்கள் ஆண்டு முழுதும் மிதிவண்டிக்குத் திறந்திருப்பதில்லை. பனி உருகும் இளவேனிலில் மண் நீரில் ஊறிக் குழைந்திருக்கும். அப்போது ஓட்டினால் சக்கரம் பதிந்த பள்ளம் நீரோடும் வாய்க்காலாக மாறி, மண்ணை அரித்துச் செல்லும். எனவே பொதுவாக மே மாதம் வரை தடங்கள் மூடப்படுகின்றன. குளிர்காலத்தில் ஒரு பகுதி பனிச்சறுக்கு நடைக்கும், அகன்ற சக்கர மிதிவண்டிகளுக்கும் பயன்படுகிறது.