பூமி உருண்டைன்னா வயல்ல தண்ணி எப்படி மட்டமா நிக்குது?



காலாண்டு லீவுக்கு என் தங்கச்சி பேத்தி சென்னையில இருந்து வந்திருந்தா. ஆறாங்கிளாஸ் படிக்கிறா. சம்பா நடவுக்குப் பரம்படிச்சு, தண்ணி கட்டி விட்டிருந்த நேரம். வரப்பு மேல நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தவ திடீர்னு கேட்டா: "தாத்தா, பூமி உருண்டைன்னு புக்குல இருக்கு. உங்க வயல்ல தண்ணி கண்ணாடி மாதிரி மட்டமா நிக்குதே. உருண்டை மேல தண்ணி எப்படி மட்டமா நிக்கும்?"

நான் பத்தாவதோட நிறுத்துனவன். சட்டுனு பதில் வரல. "அப்புறம் சொல்றேன்"னு சொல்லிட்டு வந்து, ராத்திரி பேப்பர், பேனா எடுத்து உக்காந்தேன். எனக்கு இந்தக் கணக்கு பழக்கம் உண்டு. காரணம் ஒரு வரப்புத் தகராறு. அதைக் கடைசியில சொல்றேன்.

பதில் இதுதான். அந்தத் தண்ணியும் வளைஞ்சுதான் நிக்குது. ஒரு ஏக்கர் வயல் சதுரமா இருந்தா ஒரு பக்கம் சுமார் 209 அடி. இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குள்ள பூமி வளையறது ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான். நெல்லுமணி கனம்கூட இல்ல. எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஆனா ஏழரை மைல் தூரம் போனா அதே வளைவு சுமார் 37 அடி ஆயிடும். மூணு மாடி உயரம்.

ஏழரை மைல்னு ஏன் சொன்னேன்னா, அந்த ஏழரை மைல் உங்க சென்னையில இருக்கு. பரங்கிமலையில இருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும். இன்னைக்கு அந்தப் பக்கம் அபார்ட்மெண்ட்ல குடியிருக்கிறவங்க, பூமியோட உருவத்தையே அளக்க ஆரம்பிச்ச கோட்டுக்குப் பக்கத்துல தூங்குறீங்க.

1799ல திப்பு சுல்தான் தோத்த பிறகு, கும்பினிக்காரனுக்குத் தெற்கே பெரிய நிலப்பரப்பு கையில வந்துடுச்சு. ஆனா சரியான வரைபடம் கிடையாது. அப்போ பட்டாளத்துல இருந்த வில்லியம் லாம்டன்னு ஒரு அதிகாரி, முக்கோணம் முக்கோணமா நாட்டையே அளக்கலாம்னு யோசனை சொன்னார். வரைபடம் போடறது சர்க்காருக்கு வேணும். லாம்டனுக்கு உள்ளுக்குள்ள வேற ஆசை. பூமி சரியான உருண்டையா, இல்ல நடுவுல புடைச்சு ரெண்டு முனையிலும் அமுங்கி இருக்கா, எவ்வளவு அமுங்கி இருக்குன்னு கண்டுபிடிக்கணும்.

முக்கோணக் கணக்கு எளிசுதான். ஒரு பக்கத்தோட நீளமும் ரெண்டு மூலையோட கோணமும் தெரிஞ்சா, மத்த ரெண்டு பக்கத்தையும் நடந்து அளக்க வேண்டியதில்ல, கணக்குப் போட்டுடலாம். அந்தப் பக்கத்தை வச்சு அடுத்த முக்கோணம், அதை வச்சு அடுத்தது. நம்ம தாலுகா ஆபீசுல எஃப்.எம்.பி. புலப்படம் வாங்கிப் பாத்திருக்கீங்களா? அதுலயும் வயலைக் குறுக்கால கோடு போட்டு முக்கோணமாத்தான் பிரிச்சிருப்பாங்க. அதே வித்தைதான்.

ஆனா முதல் பக்கத்தை மட்டும் தரையில அளந்தே ஆகணும். அதுல பிசகுனா நாடு முழுக்கப் பிசகும். அதைத்தான் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை ஓரத்துல ஆரம்பிச்சாங்க. ஏழரை மைல் அளக்க 57 நாள் ஆச்சு.

ஏன் அவ்வளவு நாள்? 100 அடி எஃகுச் சங்கிலி. சித்திரை வெயில்ல இரும்பு நீளும்னு உங்களுக்குத் தெரியும். பத்து டிகிரி சூடு ஏறினா 100 அடிச் சங்கிலி அரை நெல்லுமணி நீளம் நீளும். அது ஒண்ணும் இல்லைனு தோணும். ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியைச் சுமார் 400 தடவை வைக்கணும். 400 அரை நெல்லுமணி சேர்ந்தா நாலரை அடி. அதனால சங்கிலியைத் தரையில போடல. மரப்பெட்டியில வச்சு, முக்காலி மேல ஏத்தி, கூடாரம் கட்டி நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் வச்சுச் சூடு பாத்துப் பாத்து அளந்தாங்க.

கோணம் அளக்க இங்கிலாந்துல இருந்து தியோடலைட் கருவி வந்துச்சு. எடை அரை டன். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு மொரீசியசுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஆனா இது அறிவுக்கான கருவின்னு தெரிஞ்சதும், எதிரி நாட்டோடதா இருந்தும் பத்திரமா மெட்ராசுக்கு அனுப்பி வச்சாங்க.

மலையும் குன்றும் இருக்கிற பக்கம் கருவியை உச்சியில வச்சு ஊர் ஊரா குறி பாத்துட்டாங்க. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் வந்ததும் மாட்டிக்கிட்டாங்க. எங்கிட்ட ஏது மலை? ஒரே சமதளம், நாலா பக்கமும் தென்னந்தோப்பு. உசரமா இருக்கிறது கோயில் கோபுரம் மட்டும்தான். அதனால கோபுரத்து மேல கருவியை ஏத்தினாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல கயிறு கட்டி இழுக்கும்போது, கயிறு அறுந்து, கருவி சுவத்துல மோதி நசுங்கிப் போச்சு. வேற யாரா இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பாங்க. லாம்டன் கூடாரத்துக்குள்ள போய் உக்காந்து, வளைஞ்ச வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நிமித்தி, ஆறு வாரத்துல சரி பண்ணிட்டார். நான் பெரிய கோயிலுக்குப் போனா இப்பெல்லாம் சாமி கும்பிட்டுட்டு ஒரு நிமிஷம் அண்ணாந்து பாக்கறது அதுக்குத்தான்.

மெட்ராசுல இருந்து மங்களூர் வரைக்கும் அளந்து முடிச்சப்போ, பழைய வரைபடத்துல போட்டிருந்ததைவிட நாடு சுமார் 40 மைல் ஒடுங்கிப் போச்சு. நிலம் எங்கேயும் ஓடல, பழைய கணக்கு தப்பு.

இருபது வருஷத்துக்கு மேல அளந்துக்கிட்டே வடக்கே போன லாம்டன், 1823 ஜனவரியில மகாராஷ்டிராவுல ஹிங்கன்காட்ங்கிற ஊர்ல செத்துப் போனார். அங்கதான் சமாதி. வேலையை ஜார்ஜ் எவரெஸ்ட் எடுத்துக்கிட்டார். இமயமலைச் சிகரத்துக்குப் பேரு வச்சாங்களே, அவரேதான். கன்னியாகுமரியில ஆரம்பிச்ச கோடு 1841 வாக்குல இமயமலை அடிவாரத்துல முசோரி பக்கத்துல போய் முடிஞ்சது. சுமார் 2,400 கிலோமீட்டர். சங்கிலி பிடிச்சவன், கொடி பிடிச்சவன், காட்டை வெட்டி வழி விட்டவன்னு எத்தனையோ பேர் காய்ச்சலுக்குச் செத்தாங்க. நம்ம ஆளுங்க. அவங்களுக்குச் சிகரம் எதுவும் இல்ல.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம்.

வடக்கே கல்யாண்பூர், கல்யாணான்னு ரெண்டு ஊர். நடுவுல சுமார் 600 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை ரெண்டு விதமா பாத்தாங்க. ஒண்ணு, முக்கோணக் கணக்கு. இன்னொண்ணு, வானத்துல நட்சத்திரத்தைப் பாத்துப் போடற கணக்கு. ரெண்டும் ஒத்துப் போகல. வித்தியாசம் 5.236 விகலை. ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டா ஒரு பங்குதான் விகலை. தரையில அது சுமார் 160 மீட்டர். 600 கிலோமீட்டர்ல 160 மீட்டர்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. முதல்ல அளவுல வந்த பிழைன்னுதான் நினைச்சாங்க. ஆனா அந்த எண்ணை அழிக்கல, அப்படியே எழுதி வச்சாங்க.

கல்கத்தாவுல பிராட்னு ஒரு பாதிரியார், கணக்குல கெட்டிக்காரர். 1850கள்ல அவர் இதை எடுத்துப் பாத்தார். நட்சத்திரம் பாக்க நேர் மேல எதுன்னு தெரியணும். அதுக்குக் கொத்தனார் பிடிக்கிற தூக்குக்குண்டுதான் வழி. குண்டு நேர் கீழ தொங்கும்னு நம்பறோம். பக்கத்துல இமயமலை மாதிரி ஒரு பாரம் இருந்தா? அது குண்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். கல்யாணா மலைக்குக் கிட்ட, கல்யாண்பூர் தூரம். வித்தியாசம் அங்கதான்.

சரி, மலையோட பாரத்தைக் கணக்குப் போட்டார். 15 விகலைக்கு மேல இழுக்கணும்னு வந்துச்சு. ஆனா இழுத்தது அஞ்சு. மூணுல ஒரு பங்கு. அவ்வளவு பெரிய மலைக்கு ஏன் இவ்வளவு கம்மி இழுப்பு?

1855ல ஜார்ஜ் ஏரின்னு இங்கிலாந்து வானியல்காரர் பதில் சொன்னார். மலை தரை மேல வச்ச கல்லு இல்ல, தண்ணியில மிதக்கிற மரக்கட்டை மாதிரி. மேல எவ்வளவு உசரமா தெரியுதோ, அதுக்கேத்த மாதிரி கீழ ஆழமா அமுங்கி இருக்கு. அந்த அமுங்கின வேர், அடியில இருக்கிற கனமான பாறையைத் தள்ளிட்டு நிக்கிற லேசான பாறை. அதனால மொத்த இழுப்பு குறையுது. மலைக்கு அடியில வேர் இருக்குன்னு ஒரு குழிகூடத் தோண்டாம கண்டுபிடிச்சது, அந்த 5 விகலையில இருந்துதான்.

பேத்தி கேள்விக்கும் மிச்சப் பதில் இதுலயே இருக்கு. தண்ணி மட்டம்ங்கிறது நேர்கோடு இல்ல. பூமி எப்படி இழுக்குதோ அப்படி நிக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல்ல பூமியோட இழுப்பு கம்மி. அங்க கடல் மட்டமே நூறு மீட்டருக்கு மேல பள்ளமா இருக்கு. கப்பல்ல போறவனுக்குத் தெரியாது. அவனுக்கு அதுதான் மட்டம்.

இப்போ என் வரப்புக்கு வர்றேன். எனக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒம்பது வருஷம் பேச்சு இல்ல. காரணம் வரப்பு ஓரத்துல ரெண்டு தென்னை. என் எல்லைக்குள்ள இருக்குன்னு நான், தன்னோடதுன்னு அண்ணன். எல்லைக்கல்லைக் காணோம். அவர்தான் பிடுங்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

மூணு வருஷத்துக்கு முந்தி, சித்திரை மாசம், சர்வேயர் வந்து அளந்தார். மூணு ஊர் எல்லை சேர்ற இடத்துக் கல்லுல இருந்து பிடிச்சுக்கிட்டு வந்தார். குறி விழுந்த இடம் என் வரப்புக்கு உள்ளே, மூணு லிங்க். ரெண்டடி. மம்பட்டியால வெட்டிப் பாத்தா முக்கால் அடி ஆழத்துல கல்லு கிடக்குது. என் வயல்ல.

யாரும் பிடுங்கல. எங்கப்பாவும் அப்புறம் நானும் வருஷா வருஷம் வரப்பு அண்டை வெட்டும்போது அவங்க பக்கம் ஒரு விரக்கடை தள்ளித் தள்ளி மண் வச்சிருக்கோம். ஒரு வருஷத்துல கண்ணுக்குத் தெரியாது. நாப்பது வருஷத்துல ரெண்டடி. 400 அரை நெல்லுமணிக் கணக்கேதான்.

சர்வேயர் போன பிறகு அங்கேயே நின்னேன். அண்ணன் எதுவும் பேசல, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினார். நான்தான் கூப்பிட்டேன். "அண்ணே, தப்பு என்னுது." அவர் திரும்பிப் பாத்து, "கல்லை நிமித்தி வைடா, மண்ணு மூடிடப் போவுது"ன்னார்.

ரெண்டு தென்னையும் இப்போ அவருது. காய் பறிச்சா பத்துக் காய் வீட்டுக்கு வந்துடும். கல்லுக்கு நான் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன். வரப்பு வெட்டுறதுக்கு முந்தி ரெண்டு பேரும் ஒரு நூலைப் பிடிச்சுப் பாத்துடறோம்.

பேத்திக்கு ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு இதெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ அந்த ஆளுங்களும் உங்களை மாதிரி தப்பா அளந்துட்டுத்தான் கண்டுபிடிச்சாங்களா தாத்தா?"ன்னு கேட்டா. இல்லம்மா, அவங்க தப்பை எழுதி வச்சாங்க, நான் ஒம்பது வருஷம் அடுத்தவங்க மேல போட்டேன்னு சொன்னேன்.