சாமையை வீழ்த்திய உலக்கை

கொல்லிமலையின் பயிர்கள் மாறிய வரலாற்றுக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. மலைமக்கள் பழமையில் ஊறியவர்கள், அவர்களை மாற்றுவது கடினம் என்பது ஒன்று. பணப்பயிர் ஆசையில் அவர்கள் மரபைக் கைவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் சரியென்றால், சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் சில பத்தாண்டுகளில் மரவள்ளிக் காடுகளாக மாறியிருக்க முடியாது. இரண்டாவது மட்டும் சரியென்றால், பிறகு அதே மலையில் சிறுதானியத்துக்கு ஒரு மறுவாழ்வு கிடைத்திருக்காது. ஒரு வேலைமுறை நிலைப்பதையும் வீழ்வதையும் அந்த வேலையின் பாரம் யார் மீது விழுகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. தொழிற்கூடங்களில் மாற்றத்தைக் கொண்டுவர முயல்வோருக்கு இந்த மலையின் வரலாறு சொல்வது இதைத்தான்.

நாமக்கல் மாவட்டத்தில் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் நாடு எனப்படும் பல ஊர்த்தொகுதிகளாகப் பிரிந்து வாழ்கிறார்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, வரகு ஆகியவை அவர்களுடைய உழவின் அடித்தளமாக இருந்தன. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்று வகைகள் உண்டு. எந்த மண்ணுக்கு எது, எந்த மழைக்கு எது என்ற அறிவு அந்தப் பெயர்களோடு கைமாறி வந்தது. மூங்கிலும் மண்ணும் கொண்டு செய்த தொம்பையில் தானியம் சேமிக்கப்பட்டது. விதை இல்லாதவர் இருப்பவரிடம் வாங்கி, விளைந்ததும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் இந்த ஒழுங்கு முழுவதும் கடைசியில் உரலில் வந்து முடிந்தது. சாமை அரிசியைக் கெட்டியாகப் பற்றியிருக்கும் உமியை நீக்க மீண்டும் மீண்டும் குத்திப் புடைக்க வேண்டும். அந்த வேலை பெண்களுடையது. நிலத்தில் களை எடுத்துத் திரும்பியவர்களே உலக்கையையும் பிடித்தார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்தவர்கள் ஆண்கள் என்பதால் இந்தச் சுமை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மரவள்ளி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து தடைப்பட்டபோது, 1940களில் சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கிப் பெருகியது. 1981இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் உருவானது. மலைப்பாதை வழியே லாரிகள் ஏறத் தொடங்கியதும் ஆலைகளின் தேவை மலையைத் தொட்டது. குச்சியை நட்டு, ஏறத்தாழ 10 மாதம் காத்து, கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் பணம் வந்தது. குத்தவும் புடைக்கவும் எதுவும் இல்லை. அந்தப் பணமும் ரேஷன் அரிசியும் உரலுக்கு வேலையில்லாமல் செய்தன. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசி 2011 முதல் விலையில்லாமலே கிடைத்தது.

ஜவ்வரிசித் தொழில் வளரத் தொடங்கிய காலத்து உலக அனுபவமும், வேலையின் பாரமே மாற்றத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை உறுதிப்படுத்துகிறது. மாற்ற மேலாண்மைச் சிந்தனையின் முன்னோடியான கர்ட் லெவின், போர்க்கால அமெரிக்காவில் இல்லத்தரசிகள் அதுவரை சமைக்காத சிறுநீரகம், இதயம் போன்ற இறைச்சிகளைச் சமைக்க வைக்க இரண்டு வழிகளை ஒப்பிட்டார். சொற்பொழிவு மட்டும் கேட்டவர்களில் 3 சதவீதத்தினரே அவற்றைச் சமைத்தார்கள். கூடிப் பேசித் தாங்களே முடிவெடுத்தவர்களில் 32 சதவீதத்தினர் சமைத்தார்கள். பழக்கத்தை மாற்ற உந்துவிசையைக் கூட்டுவதைவிடத் தடுக்கும் விசையைக் குறைப்பதே நல்லது என்பது அவருடைய கருத்து. எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் புதிய எந்திரமுறை சிறுகுழுக்களின் பழைய உறவைக் குலைத்ததால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போனதைக் காட்டியது. கருவியும் மனித உறவும் சேர்ந்தே மாற வேண்டும் என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது.

கொல்லிமலையில் சிறுதானியத்தை மீட்ட முயற்சியும் இந்தப் பாடத்தைத்தான் கற்றது. 1988இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே பணியைத் தொடங்கியது. விதைகளைக் காப்பதால் மட்டும் பயிர் நிலைக்காது என்று கண்டு பாதுகாப்பு, சாகுபடி, நுகர்வு, வணிகம் ஆகிய நான்கையும் ஒன்றாகப் பிணைத்தது. இந்த முயற்சியில் தீர்மானகரமானது உமி நீக்கும் எந்திரம். ஊர்களில் நிறுவிய எந்திரங்களை சுயஉதவிக் குழுக்கள் நடத்தின. மாவும் தின்பண்டங்களும் செய்து விற்கும் வாய்ப்பும் அவற்றுக்குக் கிடைத்தது. எந்திரம் உலக்கையின் சுமையைக் குறைத்தது. குழு, அந்த வேலை பற்றிய முடிவை அதைச் செய்பவர்களின் கையிலேயே கொடுத்தது.

இதற்கு மறுப்பு உண்டு. எந்திரம் வந்த பின்னும் மரவள்ளி மலையை விட்டுப் போகவில்லையே, அப்படியானால் விலைதானே எல்லாம் என்று கேட்கலாம். விலையின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் விலை மட்டுமே காரணம் என்றால், விற்காமல் வீட்டுக்கென்று விளைந்த சாமையும் சோற்றுப் பானையிலிருந்து ஏன் மறைந்தது என்பதற்கு விடை கிடைக்காது. உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அது விளங்கும். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் எழுதிய கோட்பாட்டை முதலாளி இல்லாத மலைக்குப் பொருத்தலாமா என்பது அடுத்த கேள்வி. கட்டளையிட எவரும் இல்லாத இடம் என்பதாலேயே இது கடுமையான சோதனைக்களம். சம்பளம் போய்விடும் என்று அஞ்சித் தலையாட்டும் ஊழியர் இங்கே இல்லை. பிடிக்காததை மக்கள் பயிரிடாமல் விட்டுவிடலாம்.

இந்தியாவின் முன்மொழிவால் 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, சாமையின் சத்தும் பெருமையும் நாடெங்கும் பேசப்பட்டன. பெருமை பேசுவது உந்துவிசை. கொல்லிமலையில் குறை இருந்தது தடையின் பக்கம். ஒரு நிறுவனத்தில் புதிய முறையை ஊழியர்கள் ஏற்கவில்லை என்றால், அவர்கள் மனத்தைக் குறைசொல்லும் முன் அந்த முறை யாருடைய வேலைநேரத்தைக் கூட்டுகிறது, முடிவெடுத்த கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்காத மாற்றத்துக்கு எவ்வளவு பரப்புரை செய்தாலும் ஆயுள் குறைவு.