கோ ஃபார் புரோக்! (திரைப்படம்)

கோ ஃபார் புரோக்! 1951 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கப் போர்த் திரைப்படமாகும். மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் வெளியிட்ட இப்படத்தை ராபர்ட் பிரோஷ் எழுதி இயக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போரிட்ட, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் கொண்ட 442 ஆவது படைப்பிரிவின் கதையை இது கூறுகிறது. அப்படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள் பலர் இப்படத்தில் நடித்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

படத்தின் பெயர் அப்படைப்பிரிவின் முழக்கமாகும். சூதாட்டத்தில் கையிலுள்ள அனைத்தையும் பணயம் வைத்தல் என்பது ஹவாய்ப் பேச்சுவழக்கில் இதன் பொருள்.

வரலாற்றுப் பின்னணி

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. இதைத் தொடர்ந்து 1942 பெப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் 9066 ஆம் ஆணையைப் பிறப்பித்தார். இதன்படி, பெரும்பாலும் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள் ஆவர். 1943 பெப்ரவரியில் 442 ஆவது படைப்பிரிவு அமைக்கப்பட்டபோது, ஹவாய் இளைஞர்களுடன் இம்முகாம்களில் இருந்த இளைஞர்களும் அதில் சேர்ந்தனர்.

கதைச் சுருக்கம்

டெக்சாசைச் சேர்ந்த இளம் அதிகாரி மைக்கேல் கிரேசன் (வான் ஜான்சன்) மிசிசிப்பியிலுள்ள ஷெல்பி பயிற்சி முகாமுக்கு அனுப்பப்படுகிறார். ஜப்பானிய வம்சாவளியினருக்குத் தலைமை தாங்க விரும்பாத அவர் இடமாற்றம் கோருகிறார். கோரிக்கை மறுக்கப்படுகிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் அவ்வீரர்களுடன் போரிடும்போது அவரது எண்ணம் மாறுகிறது. அவர்களை இழிவாகப் பேசும் தம் பழைய நண்பருடன் அவரே சண்டையிடுகிறார். இறுதியில், ஜெர்மானியரால் சூழப்பட்ட டெக்சாஸ் படையணியை 442 ஆவது படைப்பிரிவு மீட்கிறது.

இம்மீட்பு 1944 அக்டோபரில் பிரான்சின் வோஸ்ஜ் மலைப்பகுதியில் உண்மையில் நடந்ததாகும். 211 பேரை மீட்பதற்காக இப்படைப்பிரிவினர் சுமார் 800 பேர் இறந்தனர் அல்லது காயமடைந்தனர்.

இனச் சித்தரிப்பு

போர்க்கால ஹாலிவுட் படங்களில் ஜப்பானியர் பெரும்பாலும் கொடியவர்களாகவே காட்டப்பட்டனர். அப்பாத்திரங்களிலும் பிற இனத்தவரே நடித்தனர். எடுத்துக்காட்டாக, தி பர்ப்பிள் ஹார்ட் (1944) படத்தில் ஜப்பானியத் தளபதியாக நடித்த ரிச்சர்ட் லூ சீன வம்சாவளியினர். இதற்கு மாறாக, இப்படத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் தம் கதையில் தாமே தோன்றினர். முன்னாள் வீரரான லேன் நகானோ, குடும்பத்தை முகாமில் விட்டுவந்த சாம் என்னும் வீரராக நடித்துள்ளார்.

எனினும் கதை ஒரு வெள்ளையின அதிகாரியின் மனமாற்றமாகவே அமைந்துள்ளது. முகாம்கள் உரையாடல்களில் இடம்பெறுகின்றனவே தவிர, கதை அங்கு நிகழவில்லை. குருதி சிந்தினால்தான் ஒருவர் தம் குடியுரிமைக்குத் தகுதியானவர் ஆவாரா என்ற கேள்வியையும் படம் எழுப்புவதில்லை. படம் வெளியானபோது, இவ்வீரர்களின் ஜப்பானில் பிறந்த பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடமளிக்கவில்லை. இத்தடை 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது.

விருதுகளும் பிற்கால நிகழ்வுகளும்

சிறந்த கதை மற்றும் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதுக்கு இப்படம் பரிந்துரைக்கப்பட்டது. முகாம்களில் அடைக்கப்பட்டு அப்போது உயிருடன் இருந்தோருக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரியதுடன், தலா 20,000 டாலர் இழப்பீடும் அளித்தது. படம் வெளியானபோது இப்படைப்பிரிவில் ஒருவரே மெடல் ஆஃப் ஆனர் பெற்றிருந்தார். 2000 ஆம் ஆண்டில் மேலும் 20 பேருக்கு இவ்விருது வழங்கப்பட்டது.